எஞ்சினுக்கு வைத்த பொட்டு

எங்கள் கார் வாய்க்கால் றோட்டில் பாதி வழியில் நின்றது. முன்மூடிக்குள்ளிருந்து புகை வந்தது. பின்னால் இடியப்பம் இருந்தது.

அது பழைய கார். பின் சீற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டிகள் வைப்போம். கிளிநொச்சியில் கண்டி றோட்டோரம் ஒரு காமென்ட் இருக்கிறது. உடுப்புத் தைக்கும் இடம். அங்கே வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் காலையில் சாப்பிடுவது என் இடியப்பம். கன்ரீன் நடத்துகிற தம்பி என்னிடம் எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார். வேலை மணி அடிக்க முன்னம் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மணி அடித்தால் உள்ளே போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வரும் இடியப்பம் மாட்டுக்குத்தான்.

அந்த ஓடர் கேட்டுக் கேட்டு எடுத்தது. வீடு அதில்தான் நடக்கிறது. வயலும் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருந்தால் அது வயல், இல்லாவிட்டால் வெறும் நிலம். மனிதருக்குக் காலையில் பசி குளத்தைப் பார்த்து வருவதில்லை.

நான் அவிப்பேன். என் வீட்டுக்காரர் கார் ஓட்டுவார். எங்கள் தொழிலில் அவர் பங்கு அவ்வளவுதான். அதுவும் அன்றோடு நின்றது.

அன்று ஒரு ஓட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு போனேன். பிள்ளைகள் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கன்ரீன்காரத் தம்பி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அக்கா, இண்டைக்குச் சரி. பூநகரிப் பக்கத்து அக்கா ஒராள் வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறா. அவவிட்ட வான் இருக்கு. நீங்கள் பிந்தினா நான் என்ன செய்ய?”

“பிந்தமாட்டன்” என்றேன்.

வீட்டுக்குக் காரை இழுத்து வந்தார்கள். வீட்டுக்காரர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பால் தேத்தண்ணி நிறம். தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன. ரவுனிலிருந்து வாகனம் திருத்தும் கராச்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். இறங்கவும் இல்லை.

“எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற கஸ்கெட் எரிஞ்சு போட்டுது. ஹெட்டையும் கழட்டி லேத்தில குடுத்துச் சீவ வேணும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ. ஒரு கிழமையில தாறன்.”

அவர் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார்: “கராச்சில விட்டா நல்ல சாமானைக் கழட்டி எடுத்துப்போட்டுப் பழசைப் பூட்டி விடுவாங்கள்.”

“உந்தக் காரில நல்ல சாமான் எது?” என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய்ப் போன் எடுத்தார். முள்ளியவளைக்கு.

முள்ளியவளையில் இருப்பது அவருடைய அக்காவும் அக்காவின் கணவரும். அக்காவின் கணவரை வீட்டில் எல்லாரும் அத்தான் என்றுதான் சொல்வார்கள். நானும் இதில் அப்படியே எழுதுகிறேன். நேரில் அண்ணை என்பேன். அடுத்த நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு உரப்பை நிறையப் போல்ட் கழற்றும் சாவிகள். மாற்றுச் சாரம் இரண்டு. அக்கா வரவில்லை. அவவுக்குக் கொஞ்ச நாள் நிம்மதி.

அத்தானுக்கு ஒரு கதை இருக்கிறது. எந்த வாகனத்தைக் கண்டாலும் அது தொடங்கும். சண்டை நடந்த காலத்தில் பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டியது, தேங்காயெண்ணெய் விட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியது, ஓட்டைப் பெற்றோல் தாங்கிக்குச் சவர்க்காரம் பூசியது, ரயருக்குள் வைக்கோல் அடைத்தது.

“அப்ப என்ன கஸ்கெட் இருந்ததே? மட்டையை வெட்டிப் போட்டிட்டு ஓடினனாங்கள், தங்கச்சி.”

ஓடியது உண்மை. நானும் அங்கேதான் இருந்தேன். அந்தக் கார்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடியதும் நாங்கள்தான். எங்கள் அம்மா தள்ளியிருக்கிறா. தலையில் மூட்டையோடு தள்ளியிருக்கிறா. அந்தப் பக்கம் அத்தானின் கதையில் வருவதில்லை. அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்ததெல்லாம் இப்போது இவர்களுக்குப் படிப்பாகிவிட்டது. ரவுனில் கராச் இருக்கிறது, கடையில் சாமான் இருக்கிறது. ஆனாலும் மட்டை வெட்டத்தான் கை துடிக்கிறது.

வேப்பமரத்தின் கீழ் வேலை தொடங்கியது. பக்கத்து வளவு ஐயா பார்க்க வந்தார். வரும்போதே கதிரையும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்தக் கதிரை திரும்பிப் போகவில்லை.

கழற்றுவது இலேசு. சின்னப் பிள்ளையும் கழற்றும். இரண்டு பேரும் விறுவிறுவென்று கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் காருக்கு முன்பக்கம் வெறும் குழியாய்க் கிடந்தது. ஐயா எழும்பி எட்டிப் பார்த்தார்.

“என்னடாப்பா, கோழி உரிச்ச மாதிரி உரிச்சுப் போட்டியள்? திருப்பிப் பூட்ட ஆள் வேற வருமோ?”

“ஐயா, பாத்துக்கொண்டு இருங்கோ” என்றார் அத்தான்.

“அதுதானே செய்யிறன்.”

போல்ட்டுகளை ஒழுங்காக வைக்கத் தட்டு வேண்டுமென்றார்கள். நான் குசினிக்குள் இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது என் இடியப்பத் தட்டுகள் வரிசையாகச் சாக்கின் மேல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து போல்ட். பழைய எண்ணெய் என் தாச்சியில். கை துடைக்கிற துணி என் மா அரிக்கிற துணி.

“இஞ்சேருங்கோ, நாளைக்கு நான் எதில பிழியிறது?”

“ரண்டு நாளைக்குச் சமாளியுமன். கார் சரிவந்தா எல்லாம் உமக்குத்தானே.”

எனக்குத்தான். தட்டுக் குறைந்ததால் ஒரு சட்டி அவிகிற இடத்தில் இரண்டு தரம் அவித்தேன். முந்தி எழும்பினேன். தினமும் வரச்சொல்லி வைத்த ஓட்டோக்காரத் தம்பி நேரத்துக்கு வந்தார். அவர் மட்டும்தான் அந்த நாட்களில் சொன்னதைச் செய்த ஆண்.

அத்தான் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வெளியே எடுத்தார். மாட்டுத் தலை அளவு இருந்தது. லேத்துக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று நான் கேட்டேன். கராச்காரர் சொன்னது என் காதில் இருந்தது.

“லேத்துக்காரன் சீவிச் சீவி மெலிய வைச்சிடுவான், தங்கச்சி. நாங்கள் கல்லில பிடிச்சுப் பாப்பம். கல்லு மட்டமெண்டா ஹெட்டும் மட்டம்.”

கல் என்று அவர் சொன்னது என் அம்மி. தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்து அதன் மேல் ஹெட்டைக் குப்புறப் போட்டுத் தேய்த்தார்கள். கண்ணை இடுக்கி வெளிச்சம் பார்த்தார்கள்.

“அண்ணை, அது சம்பல் அரைச்சு நடுவில குழி விழுந்த அம்மி.”

“கல்லு தேயாது, தங்கச்சி.”

“தேஞ்சு கிடக்குது. தண்ணி ஊத்திப் பாருங்கோ, நடுவில நிக்கும்.”

“உங்கட ஆக்களுக்குத் தேயிலை மெசினைப் பற்றித் தெரியும். இது கார். பேசாமல் தேத்தண்ணியைப் போடுங்கோ.”

என் அம்மா அப்பா மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவள். தேயிலைச் செடியை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லி என்ன? தேத்தண்ணி போட்டேன். சீனி போடவில்லை. குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார்.

புதுக் கஸ்கெட்டை வீட்டுக்காரர் வவுனியாவில் வாங்கி வந்தார். அதில் மட்டும் அவருக்குப் புத்தி வேலை செய்தது. அத்தான் அதையும் பிடித்துப் பார்த்துவிட்டு, மட்டையே போதும், வீண் செலவு என்றார்.

இனிச் சொல்லப்போவதுதான் கதை.

எஞ்சினில் மேலே ஒரு பற்சக்கரம், கீழே ஒரு பற்சக்கரம். இரண்டையும் ஒரு பெல்ட் சுற்றிப் பிடிக்கும். மேல் சக்கரத்தில் எந்தப் பல் எந்த இடத்தில் நின்றதோ, பூட்டும்போதும் அதே இடத்தில் நிற்க வேண்டும். பிசகினால் உள்ளே ஒன்றோடொன்று இடிக்கும். இது எனக்குத் தெரிந்தது அத்தான் ஐயாவுக்கு விளங்கப்படுத்தியதால். ஒரு நாள் முழுக்க விளங்கப்படுத்தினார். அதனால் கழற்ற முன்னம் அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைக்க வேண்டும். அதுவும் அத்தானே சொன்னதுதான். ஹெட்டைக் கழற்ற முன்னம் பெல்ட்டை எடுத்த அன்று அடையாளத்துக்குப் பெயின்ற் இருக்கவில்லை. அவர் எழும்பிச் சாமியறைக்குள் போனார். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தார். மேல் சக்கரத்தில் ஒரு பொட்டு, அதற்கு நேரே எஞ்சின் உடம்பில் ஒரு பொட்டு. கீழேயும் அப்படியே.

“கம்பனி ஒரு குறியும் வைச்சிருக்காதோ?” என்று ஐயா கேட்டார்.

“வைச்சிருப்பான். இவ்வளவு காலத்தில தேஞ்சு போயிருக்கும். நாங்கள் வைக்கிறதுதான் குறி.”

ஒருவரும் துடைத்துப் பார்க்கவில்லை.

கழற்றிய சாமான் எல்லாம் சாக்கில் கிடக்கும்போது நவராத்திரி முடியும் நாளானது. ஆயுத பூசை வந்தது. அன்று சாவியைத் தொடக்கூடாது. வேலை இல்லை. ஆனால் பூசை பெரிசாக நடந்தது. எங்கள் வீட்டில் வழக்கமாக என் இடியப்ப உரலுக்கும் மண்வெட்டிக்கும் காருக்கும் ஒரு பொட்டு வைப்போம், கடலை அவிப்போம், அவ்வளவுதான். இந்த முறை அத்தான் நின்றார். கார் முழுதாக இல்லாதபடியால் துண்டு துண்டாகப் பூசை செய்ய வேண்டும் என்றார். வாழையிலை விரித்துச் சாமான்களை அடுக்கினார். ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். ஹெட்டுக்கு மூன்று. பழைய கஸ்கெட்டுக்கும் ஒன்று. பற்சக்கரம் வட்டமாக இருந்ததால் அழகாகச் சுற்றிவரப் பொட்டு வைத்தார். குழிக்குள் கைவிட்டு எஞ்சின் உடம்புக்கும் வைத்தார். பக்தியில் ஒரு குறை சொல்ல முடியாது.

நான் கடலை அவித்துக் கொடுத்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் பூட்டத் தொடங்கினார்கள். புதுக் கஸ்கெட்டின் மேல் ஹெட் ஏறியது. பெல்ட் போடும் நேரம் வந்தது. நான் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் ஒன்றும் வரவில்லை. வழக்கத்தில் மரத்தடியில் ஒரு நிமிடம் சத்தமில்லாமல் இராது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் சக்கரத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுதான் எங்கட குறி, மச்சான்.”

“இல்லை அத்தான், அது நேற்று வைச்ச சாமிப் பொட்டு. குறி இது.”

“அதெப்பிடி? சாமிப் பொட்டெண்டா கீழ சந்தனம் இருக்கும். குறிக்கு நான் சந்தனம் வைக்கேல்ல. வெறும் குங்குமம்.”

“அப்ப நகத்தால சுரண்டிப் பாப்பமோ?”

சுரண்டினார்கள். சந்தனம் வந்தது. அடுத்ததைச் சுரண்டினார்கள். அதிலும் சந்தனம்.

“அத்தான், நீங்கள் குறிக்கு மேலயும் சந்தனம் வைச்சு அதுக்கு மேல குங்குமம் வைச்சனீங்கள். நான் பாத்தனான்.”

“பாத்தா அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பூசைக்குள்ள கதைக்க வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

ஐயா கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: “உதுக்கேன் சண்டை? பிள்ளையார் கோயிலில பூக்கட்டிப் பாருங்கோவன்.”

அவர் பகிடிக்குச் சொன்னார். அத்தானும் விசர்க்கதை என்றார். ஆனால் என் வீட்டுக்காரர் பகிடி தெரியாத மனிதர். செவ்வரத்தம்பூ ஒன்றும் நந்தியாவட்டைப்பூ ஒன்றும் பிடுங்கி, தனித்தனியே கடதாசியில் சுற்றிக்கொண்டு, சைக்கிளில் போனார். வெள்ளை வந்தால் அத்தான் சொன்ன பொட்டு. சிவப்பு வந்தால் இவர் சொன்ன பொட்டு. ஐயரிடம் கொடுத்து ஒன்றை எடுப்பித்தார். எஞ்சின் விசயம் என்று ஐயருக்குச் சொல்லவில்லை. ஐயர் கலியாணப் பேச்சென்று நினைத்துச் சந்தோசமாக எடுத்துக் கொடுத்தாராம்.

வெள்ளை வந்தது.

பிள்ளையாரைக் குறை சொல்லமாட்டேன். அவர் எலியில் போகிறவர். அவருக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அத்தானுக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியோ மச்சான்?” என்றார். அவர் சொன்ன பொட்டில் வைத்துப் பெல்ட்டைப் போட்டார்கள். துடைத்துவிட்டுக் கம்பனிக் குறி தெரிகிறதா என்று ஒருதரம் பார்த்திருக்கலாம். இப்போது துடைத்தால் சாமி குற்றமாம்.

பூட்டி முடிந்தது. தண்ணீர் விட்டார்கள். புது எண்ணெய் விட்டார்கள். ஒரு போல்ட் மிஞ்சியது. அது முதலே மேலதிகமாகத்தான் இருந்தது என்றார்கள்.

“ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ” என்றேன்.

“இண்டைக்கு வேண்டாம், தங்கச்சி. முதல் ஸ்ரார்ட் நல்ல நேரத்தில எடுக்க வேணும். திங்கட்கிழமை காலமை, ஏழரைக்கு ராகுகாலம் தொடங்க முன்னம் எடுப்பம். நீங்களும் சாப்பாட்டை ஏத்திக்கொண்டு அப்பிடியே போங்கோ. முதல் பயணம் தொழிலுக்குப் போனா விசேசம்.”

“எடுக்காட்டி?”

“உங்கட வாயில நல்ல வார்த்தை வராதோ?”

நான் ஓட்டோவை நம்பி இருந்தேன். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓட்டோ வரும். வந்தால் திருப்பி அனுப்பலாம். அதுதான் என் கணக்கு. வீட்டுக்காரருக்கும் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை இடியப்பமும் சம்பலும் சொதியும் தயார். பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு ஓட்டோச் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக் காருக்குள் வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். ஐயா அன்று சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டுக்காரர் ஏறித் திறப்பைத் திருப்பினார்.

கிர்ர் என்றது. பிறகு டக்கு டக்கு என்று இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

“பற்றறி” என்றார் அத்தான்.

“பற்றறி புதுசு, அத்தான்.”

“கன நாள் நிண்டது, இறங்கியிருக்கும். தள்ளினா எடுக்கும்.”

தள்ளினார்கள். ஐயாவும் வந்து தள்ளினார். தேசிக்காய் நசிந்தது. கார் வாசல் படலை வரை ஓடியது. உள்ளே ஏதோ நறநறவென்று உடைந்தது. தேங்காய் துருவுகிற எனக்கே அது நல்ல சத்தமில்லை என்று விளங்கியது. இன்னும் ஒருதரம் தள்ளினார்கள். இந்த முறை சக்கரம் இறுகி நின்றுவிட்டது. கீழே எண்ணெய் சொட்டியது.

நான் போனை எடுத்து ஓட்டோக்காரத் தம்பிக்கு அடித்தேன்.

“அக்கா, அண்ணை நேற்றே போன் எடுத்தவர். கார் சரி, இனி வரவேண்டாமெண்டு சொன்னவர். நான் இப்ப பரந்தனுக்கு ஹயர் ஒண்டில வந்திட்டன்.”

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காருக்குக் கீழே குனிந்து எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன நேரம் பார்த்தார்.

கதைத்தால் நேரம் போகும். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். படலைக்கு வெளியே றோட்டில் வைத்தேன். இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று பின்னால் பூட்டிய பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மறித்தேன். இருந்தவர்கள் கால்களை ஒடுக்கி இடம் விட்டார்கள். சொதி வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். உழவு மெசின் சைக்கிளையும் முந்தாது. எங்களை ஒரு வயதுபோன மனிதர் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார். போகும்போது மணியும் அடித்தார்.

காமென்ட் வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே மெசின்கள் தைக்கிற இரைச்சல் கேட்டது. கன்ரீன் மேசைகளில் பாண் துகள் கிடந்தது.

“பிள்ளையள் பாணும் பருப்பும் சாப்பிட்டிட்டுப் போட்டுதுகள், அக்கா” என்றார் கன்ரீன்காரத் தம்பி. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “பாத்தன், பாத்தன், வரேல்ல. அந்த அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். நாளையில இருந்து அவ கொண்டருவா.”

நான் வாசல் படியில் இருந்தேன். அவர் ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். குடித்தேன். கன்ரீனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. பெரிய அடுப்பு இரண்டு, ஒன்றில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மற்றது சும்மா கிடந்தது. பலதரம் பார்த்த கொட்டில்தான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தம்பி, அந்த அடுப்பு எரியாதோ?”

“எரியும். ஆள் இல்லை. ஏன்?”

“நான் இஞ்ச வந்து அவிக்கிறன். என்ர சட்டியும் தட்டும் இஞ்சயே கிடக்கட்டும். மாவை மட்டும் வறுத்து அரிச்சுக் கொண்டாறன். முதல் பஸ்ஸில வந்தா மணி அடிக்க முன்னம் சுடச்சுடக் குடுக்கலாம்.”

“முதல் பஸ் வராட்டி?”

“அதுக்கு ட்ரைவர் இருக்கிறார். அத்தான் இல்லை.”

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் யோசித்தார். “அந்த அக்காவுக்குச் சொல்லிப்போட்டனே. வா எண்டு சொல்லிப்போட்டு வராத எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“சொல்ல வேண்டாம். கிழமையில பாதி நாள் அவ, பாதி நாள் நான். பிள்ளையள் ரண்டையும் சாப்பிட்டுப் பாக்கட்டும்.”

அவர் தலையைச் சொறிந்தார். “நாளைக்கு அவ வரட்டும். நாளையண்டைக்கு நீங்கள் வாங்கோ. பிந்தினா கதையே இல்லை, அக்கா.”

“ஓம்” என்றேன்.

அன்றைய இடியப்பத்தைப் பஸ் ஸ்ராண்டில் வைத்துக் கொஞ்சம் விற்றேன். மிச்சம் மாட்டுக்குப் போனது. மாடுகள் நன்றாகச் சாப்பிட்டன. அவற்றுக்கு மணி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் உரப்பையில் சாவிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். “வால்வு வளைஞ்சிருக்கும். அது சாதாரணம். வேற ஹெட் ஒண்டு தேடினாச் சரி” என்றார். முள்ளியவளை வழியாகப் போகும் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். போகும்போது, சம்பல் கொஞ்சம் போத்திலில் போட்டுத் தாங்கோ தங்கச்சி, அக்கா ஆசைப்படுவா என்றார். போட்டுக் கொடுத்தேன். அக்கா பாவம். அவவுக்கு இனி அவர் வீட்டில் நிற்பார்.

என் தட்டுகளைச் சேர்த்தேன். சவர்க்காரமும் சாம்பலும் தேசிக்காய்ப்புளியும் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் மணம் இரண்டு தட்டில் போகவேயில்லை. அவற்றை எறிந்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

“ஓட்டோவுக்கு நான் சொல்லியிருக்கக்கூடாது” என்றார்.

“ஓம்.”

“ஓடுமெண்டு நினைச்சன்.”

“ஓம்.”

வேறு என்ன சொல்ல? கோபம் என்றால் ஒருநாள் ஆறும். இது கோபமில்லை. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் பொட்டைச் சுரண்டிச் சந்தனம் தேடியதைக் கண்ட பிறகு கோபம் வருவதில்லை.

சொன்ன நாளில் முதல் பஸ்ஸில் போனேன். உரலும் சட்டியும் தட்டும் மாவும். கண்டக்டர் முறைத்தார், பிறகு மா மூட்டையைத் தானே தூக்கி வைத்தார். கொட்டிலில் அடுப்பு மூட்டி முதல் சட்டி இறக்கும்போது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆவி பறக்கிற இடியப்பத்தை அவர்கள் அங்கே கண்டதில்லை. நான் காரில் கொண்டுபோன காலத்தில் ஆறித்தான் போகும். ஒரு பிள்ளை விரலைச் சுட்டுக்கொண்டு சிரித்தது.

“அக்கா, நாளைக்கும் நீங்களோ?”

“நாளைக்கு மற்ற அக்கா. அவவின்ரயும் சாப்பிடுங்கோ.”

“அவவின்ர ஒட்டிப்போய்க் கிடக்கும்.”

இன்னும் இரண்டு போட்டேன்.

அப்படிப் பாதி நாட்கள் போயின. மற்றப் பாதியைப் பிடிக்க வேண்டும். அதற்கு இன்னும் கூட அவிக்க வேண்டும். கூட அவிக்க இன்னொரு கை வேண்டும். உரல் பிழிவது லேசான வேலையில்லை. என் தோள் இரவில் குத்தியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் சூடாக்கித் தந்தார். தந்துவிட்டு மரத்தடிக்குப் போய் எஞ்சினுக்குள் தலையை விட்டார். வேறு ஹெட் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே தேடினார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு காலை பஸ் தரிப்பிடத்துக்கு அவரும் வந்தார். நான் கொண்டுபோய்க் கொண்டுவரும் உரலைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்தார். பஸ் வந்ததும் உரலை ஏற்றினார். இறங்கவில்லை.

“நானும் வாறன். உரல் பிழியத்தானே வேணும். பிழிஞ்சு தாறன்.”

நல்ல கதைதான். அவருடைய கைகளைப் பார்த்தேன். நகத்துக்குள் கறுப்பு, விரல் மடிப்பெல்லாம் எண்ணெய். அந்தக் கையை அந்தப் பிள்ளைகள் கண்டால் வான் அக்காவின் ஒட்டிய இடியப்பமே போதும் என்பார்கள்.

“உந்தக் கையோடயோ?” என்றேன்.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கண்டக்டர் மணியடிக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“போய் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ. நகத்தை வெட்டுங்கோ. அந்தக் காரைத் தொடாதேங்கோ. தொடாமல் இருந்தா நாளையண்டைக்கு வாங்கோ.”

“காரை என்ன செய்யிறது?”

“கராச்காரனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ.”

இறங்கினார். பஸ் வெளிக்கிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடிக்க முன்னம் மூன்று சட்டி இறக்க வேண்டியிருந்தது.